சம்பளச் சீட்டில் ஒரு வரி

2006ஆம் ஆண்டு நான் உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தேன். அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் எனக்கு நூற்றுக்கு 31 மதிப்பெண்தான் கிடைத்தது. மதிப்பெண் அட்டையை நீட்டியபோது அப்பா இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருக வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்பாசிரியர் என்னிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், அதாவது நாம் எல்லாரும் சிண்டா என்று சொல்லும் அமைப்பு, நடத்தும் துணைப்பாட வகுப்பில் சேர்வதற்கான படிவம் அது. நான் அதை நான்காக மடித்துப் பையின் அடியில் போட்டுவிட்டேன். இரண்டு வாரம் அது அங்கேயே கிடந்தது. பையைத் துவைக்க எடுத்த அம்மாவின் கையில் அகப்பட்டது.

"இதை ஏன் எங்களிடம் காட்டவில்லை?"

"அது வசதியில்லாத பிள்ளைகளுக்கு, அம்மா. நாம் ஏன் போய் மற்றவர்களிடம் கைநீட்ட வேண்டும்?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். 31 மதிப்பெண்ணுக்குக் கோபப்படாதவர், அந்தச் சொல்லுக்குக் கோபப்பட்டார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. கையைக் கழுவிவிட்டு அறைக்குள் சென்று தம் சம்பளச் சீட்டை எடுத்து வந்தார். மத்திய சேம நிதிக்குப் பிடித்த தொகைக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. சிண்டா, அதற்கு எதிரே சில வெள்ளி.

"நீ நடை பழகும் முன்பிருந்தே இது என் சம்பளத்திலிருந்து போகிறது. யாருடைய பிள்ளைக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை என்னிடம் கைநீட்டியதாக நான் நினைக்கவில்லை," என்றார்.

சற்று நேரம் கழித்து, அவராகவே இன்னொன்றையும் சொன்னார். இந்தத் தொகை வேண்டாம் என்று விலகிக்கொள்ள ஒரு படிவம் உண்டு. வீட்டில் பணம் மிகவும் இறுக்கமாக இருந்த ஓர் ஆண்டில் அப்பா அதை வாங்கி வந்திருந்தாராம். மேசைமீது இருந்த அந்தப் படிவத்தைத் தாத்தா பார்த்துவிட்டார். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1950களில் தமிழவேள் கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டியபோது அவரும் ஒரு வெள்ளி கொடுத்திருக்கிறார். பல்கலைக்கழகத்தின் வாசற்படியைக்கூட மிதிக்காதவர் அவர்! "அன்றைக்கு ஒரு வெள்ளி பெரிய காசு, தெரியுமா?" என்று மட்டும் அப்பாவிடம் கேட்டாராம். அப்பா அந்தப் படிவத்தை நிரப்பவில்லை.

சிண்டா தோன்றிய கதையை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 1980களில் நம் இந்திய மாணவர்கள் பலர் தேர்வுகளில், அதிலும் குறிப்பாகக் கணிதத்தில், பின்தங்கியிருந்தார்கள். இதை ஆராய ஒரு நடவடிக்கைக் குழு அமைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 1991இல் சிண்டா பிறந்தது. மலாய், முஸ்லிம் சமூகத்துக்கு மெண்டாக்கி 1982லேயே தொடங்கப்பட்டிருந்தது. 1992இல் சீன மேம்பாட்டு உதவி மன்றம் வந்தது. ஆக, என் 31 மதிப்பெண் எனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய அறியாமை! நான் பிறப்பதற்கு முன்பே அதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை, எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் வகுப்பு நடந்தது. முதல் நாள் உள்ளே நுழைந்ததும் திரும்பி ஓடிவிடலாமா என்று தோன்றியது. என் வகுப்பு மாணவன் ஒருவன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். இருவரும் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். திங்கட்கிழமை பள்ளியிலும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. இப்படியே ஒரு மாதம் ஓடியது. ஒரு சனிக்கிழமை அவன் என் முதுகைத் தட்டி, "அழிப்பான் இருக்கிறதா?" என்று கேட்டான். அவ்வளவுதான். அதன் பிறகு இருவரும் ஒரே பேருந்தில் போய் வந்தோம்.

கற்பித்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் இயற்கணிதக் கணக்கில் தடுமாறுவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், என் தாளின் ஓரத்தில் மூன்றில் இரண்டையும் நான்கில் மூன்றையும் எழுதி, "இவற்றைக் கூட்டு, தம்பி," என்றார். நான் மேலே உள்ள எண்களையும் கீழே உள்ள எண்களையும் தனித்தனியாகக் கூட்டி, ஏழில் ஐந்து என்று எழுதினேன். அவர் சிரிக்கவில்லை. "இரண்டுமே அரையைவிடப் பெரியவை. இரண்டையும் கூட்டினால் ஒன்றைவிடக் குறையுமா?" என்று கேட்டார்.

தொடக்கநிலை ஐந்தில் நான் புரிந்துகொள்ளாமல் விட்ட பின்னம் அது. மூன்று ஆண்டுகளாக அந்த ஓட்டையின் மேலேயே சுவர் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அடுத்த ஆறு வாரங்கள், உயர்நிலை மாணவனான நான் தொடக்கநிலைப் பின்னக் கணக்குகளைப் போட்டேன். யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்று இடக்கையால் மறைத்துக்கொண்டே எழுதுவேன். ஆசிரியர் அதைக் கவனித்திருப்பார். ஆனால் ஒருமுறைகூடக் கையை எடு என்று சொல்லவில்லை.

ஆண்டிறுதியில் எனக்கு 58 கிடைத்தது. கதைகளில் வருவதுபோல் 90 எல்லாம் வரவில்லை. ஆனாலும் அந்த 58ஐ வைத்துக்கொண்டு மெல்ல மேலே ஏறிப் பலதுறைத் தொழிற்கல்லூரிவரை போய்ச் சேர்ந்தேன்.

வேலைக்குச் சேர்ந்தபின் என் சீன நண்பர் ஒருவர், "உதவியை ஏன் இனவாரியாகப் பிரிக்க வேண்டும்? தேவைப்படும் எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கலாமே," என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கூச்சப்பட்டுப் படிவத்தை ஒளித்து வைக்கும் வீட்டில் அந்த வீட்டு மொழியிலேயே பேசி அழைக்க ஒருவர் வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது இந்தச் சுய உதவிக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து பள்ளிகளில் மாணவர் பராமரிப்பு நிலையங்களை நடத்துவதைப் பார்க்கும்போது, அவர் சொன்னதிலும் பாதி நடந்துகொண்டிருக்கிறது என்றே தோன்றுகிறது.

என் முதல் சம்பளச் சீட்டிலும் அந்த வரி இருந்தது. சம்பளத்துக்கு ஏற்றபடி இன்று மாதத்துக்கு 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை பிடிக்கிறார்கள். அதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "சரி" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

இப்போது சில சனிக்கிழமைகளில் நான் தொண்டூழியராகச் செல்கிறேன். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கினால், தேக்காவுக்குப் பொருள் வாங்கப் போகும் கூட்டம் ஒரு பக்கம் நகரும். நான் பீட்டி சாலைப் பக்கம் நடப்பேன். சிண்டா அலுவலகமும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையமும் அந்தச் சாலையில்தான் இருக்கின்றன. தமிழ் வகுப்புக்கு வரும் மாணவர்கள் பையைச் சுமந்துகொண்டு என்னைத் தாண்டி ஓடுவார்கள்.

சென்ற வாரம் ஒரு சிறுமிக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். அவள் தன் தாளை இடக்கையால் மறைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு, அவள் எழுதி முடிக்கும்வரை சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.