டாக்டர் தேனியில், பாட்டி கிராமத்தில்... நடுவே ஒரு வைஃபை!

கிராமத்தில் வயதானவர்களுக்குக் கண் மங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதில்லை. "வயசானா அப்படித்தான்" என்று தள்ளிப்போடுவார்கள். பஸ் செலவு, ஒரு நாள் கூலி, துணைக்கு வரும் மகனுக்கும் ஒரு நாள் கூலி. இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டே பார்வையை இழந்தவர்கள் உண்டு. கண்புரை என்றால் ஆபரேஷனில் சரிசெய்யலாம். கண் நீர் அழுத்த நோயில் போன பார்வை போனதுதான்.

1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இதற்காகவே தேனியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கண் மையங்களைத் திறந்தது. மையத்தில் டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியிடமே பேசுவார். இன்று இதில் ஆச்சர்யமில்லை. ஆனால் இது நடந்தது 2005, 2006-ல். அப்போது 4ஜி கிடையாது. ஊர் ஊராக கேபிள் இழுக்கவும் கட்டுப்படியாகாது.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் புரூவரின் குழு இதற்குக் கையில் எடுத்தது, நம் வீட்டு வைஃபையை! ஹாலில் இருக்கும் வைஃபை சமையலறைக்கு வருவதற்கே திணறும். அது கிலோமீட்டர் கணக்கில் எப்படிப் போகும்?

குண்டு பல்பு அறை முழுக்க வெளிச்சத்தைச் சிதறடிக்கும். டார்ச் லைட் ஒரே பக்கம் பாய்ச்சும். வைஃபை சிக்னலையும் அப்படி ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனாக்களை உயரமான கம்பங்களில் ஏற்றி, ஒன்றை ஒன்று பார்க்கும்படி திருப்பிவைத்தார்கள். அதோடு முடியவில்லை. வைஃபை ஒவ்வொரு தகவலை அனுப்பியதும் "வந்துச்சா?" என்று பதிலுக்குக் காத்திருக்கும். 10 கிலோமீட்டரைக் கடக்க சிக்னலுக்கு 33 மைக்ரோ செகண்ட் ஆகும். பதில் திரும்பி வர இன்னொரு 33. வீட்டுக்குள் பேசிப் பழகிய கருவிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பதில் வரவில்லை என்று நினைத்து, அனுப்பியதையே மறுபடி அனுப்பும். அதனால் மென்பொருளை மாற்றி, இரண்டு முனைகளும் நேரம் பிரித்துக்கொண்டு முறைவைத்துப் பேசும்படி செய்தார்கள். ஐந்து மையங்களில் சோதனை தொடங்கியது.

தொழில்நுட்பம் ஜெயித்துவிட்டது. பாடாய்ப் படுத்தியது கரன்ட்! வோல்டேஜ் திடீரென எகிறினால் கருவி கருகும். குறைந்தால் இன்னும் மோசம். கருவி சாகவும் செய்யாது, வேலையும் செய்யாது. அப்படியே உறைந்து நிற்கும். மின்தடையில் மெமரி கார்டு கெட்டுப்போகும். மையத்தில் கண்ணைக் காட்ட வந்தவர் காத்திருப்பார், திரையில் டாக்டர் வர மாட்டார். பெர்க்லியிலிருந்து ஆள் வந்து சரிசெய்ய முடியுமா என்ன? மின்சாரம் குறைந்தால் கருவியைத் தானாகவே துண்டித்துக் காப்பாற்றும் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். ஆன்டெனாவைத் திருப்பிவைப்பது, கருவியை மாற்றுவது போன்ற வேலைகளைப் படிப்படியாக உள்ளூர் ஊழியர்களே கற்றுக்கொண்டார்கள். இந்தக் கதையில் பாராட்டு அதிகம் சேர வேண்டியது அவர்களுக்குத்தான்.

2023 முதல் நம் ஊர் மொட்டைமாடிகளில் ஏறும் 5ஜி ஏர்ஃபைபர் பெட்டியும் ஏறக்குறைய இதே குடும்பம்தான். டவர் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. சிக்னல் போகும் பாதையைச் சுற்றியும் காலி இடம் வேண்டும். தேனி போன்ற 10 கிலோமீட்டர் வைஃபை இணைப்பு என்றால், நடுவழியில் சுற்றிலும் சுமார் 17 மீட்டர் வரை தேவைப்படும். வீட்டுப் பெட்டிக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் ஈரமான இலை என்றால் இதற்கும் ஆகாது. மழைக்காலத்தில் நெட் மந்தமானால், கஸ்டமர் கேருக்கு போன் போடும் முன் மாடியேறி, எதிரே இருக்கும் வேப்பமரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.