தேர்தல் இரவின் அசையும் வரைபடம்

பத்திரிகையில் ஓர் எண் பிழைத்துவிட்டால், மறுநாள் சிறு பெட்டிக்குள் 'திருத்தம்' என்று போட்டு வருத்தம் தெரிவிக்கலாம். இணையப் பதிப்புக்கு, அதுவும் தேர்தல் இரவில், மறுநாள் என்றொன்று இல்லை. 2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர் எங்கள் இணையப் பதிப்புக்கு அசையும் வரைபடமொன்றைத் தயாரித்தோம். நிரல் எழுதத் தெரியாத கலைப்பட்டதாரி நான். ஆனால், திரையில் தோன்றும் எண்களுக்குப் பொறுப்பாளி.

எங்கள் தளம் 'ரியாக்ட்' கொண்டு கட்டப்பட்டது. பேஸ்புக் நிறுவனம் 2013 இல் பொதுவில் வெளியிட்ட கருவி அது. பக்கத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துக்கொள்ளும். தரவு மாறும்போது தொடர்புடைய கூறுகளைத் தானே புதுப்பிக்கும். அசையும் வரைபடத்துக்கோ 'கன்வஸ்' தேவைப்பட்டது. 2004 இல் அப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திய வெற்றுப் பலகை அது. தன்மீது வரையப்பட்டது கோடா, எண்ணா என்பதை அது நினைவில் வைத்திருப்பதில்லை. அசைவு வேண்டுமாயின் பொதுவாகச் செக்கனுக்கு அறுபது தடவை அழித்து அழித்து வரையவேண்டும். பலகையைச் சுவரில் மாட்டித் தருவதுடன் ரியாக்டின் வேலை முடிந்துவிடுகிறது. உள்ளே நடப்பதை அது அறியாது. சிக்கல் அங்கேதான் பிறந்தது.

ஒத்திகையன்று பொய்த் தரவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினோம். தலைப்பில் பத்து முடிவுகள் வந்துவிட்டன. கீழே நிரல்கள் அழகாக எழுந்து அசைந்தன. ஆனால் அவை காட்டியது முதலாவது தபால்மூல முடிவை மட்டுமே.

"தம்பி, மேலே ஒன்று, கீழே ஒன்றாக இருக்கிறதே?" என்றேன்.

"ஐயா, வரையிற சுற்றைத் தொடக்கத்திலை ஒருக்காத்தான் ஓடவிட்டனான். அது அப்ப கண்ட எண்ணையே பிடிச்சுக்கொண்டு நிக்குது" என்றார் நிரலாளர்.

ஒவ்வொரு புதிய முடிவுக்கும் புதிய சுற்றொன்று தொடங்கும்படி மாற்றினார். எண்கள் சரியாயின. ஆனால் அரைமணி நேரத்தில் என் பழைய கைத்தொலைபேசி சூடேறித் திணறத் தொடங்கியது. புதிய சுற்று தொடங்கியபோது பழையதை எவரும் நிறுத்தவில்லை. இருபது முடிவுகள் வந்தால் இருபது சுற்றுக்கள் ஒரே பலகையில் வரைந்துகொண்டிருக்கும். கடைசியாக வரைவது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். இரவு முழுவதும் முடிவுகளுக்காக விழித்திருக்கும் வாசகரின் மின்கலத்தை நாங்கள் அல்லவா தின்றுகொண்டிருந்தோம்!

மூன்றாவது முயற்சியே நிலைத்தது. சுற்று ஒன்றே ஓடும். அண்மைய எண்கள் தனியான ஓரிடத்தில் வைக்கப்படும். ஒவ்வொரு தடவையும் அங்கே பார்த்தே அது வரையும். கூறு பக்கத்திலிருந்து நீக்கப்படும்போது சுற்றை இரத்துச்செய்யும் கட்டளையும் சேர்க்கப்பட்டது. 2019 இல் வந்த 'ஹூக்ஸ்' முறையில் இதற்கென்றே இடமுண்டு: தொடங்கும் கட்டளையை எழுதுமிடத்திலேயே முடிக்கும் கட்டளையையும் எழுதலாம். 2022 இல் வெளியான ரியாக்ட் 18, கண்டிப்பு முறையில் சோதிக்கும்போது, ஒவ்வொரு கூறையும் வேண்டுமென்றே ஒருமுறை கழற்றி மீண்டும் மாட்டிப் பார்க்கிறது. முடிக்க மறந்தவர் அங்கேயே அகப்பட்டுக்கொள்வார்.

நான் கேட்டது இன்னும் ஒன்றுதான். கன்வஸில் வரைந்த எண்ணைப் பார்வையற்றோருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளால் படிக்க இயலாது. ஆகவே அதே எண்கள் கீழே சாதாரண அட்டவணையாகவும் இருக்கவேண்டும் என்றேன். "இரட்டை வேலை" என்று முணுமுணுத்தாலும் செய்து தந்தார்.

செப்டெம்பர் 22 ஆம் திகதி நாங்கள் எதிர்பாராதது நடந்தது. முதலிடத்தில் நின்றவருக்கு 42.31 சதவீதம், எவரும் பாதியைத் தாண்டவில்லை. இலங்கை வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகளை எண்ணவேண்டியதாயிற்று. எங்கள் வரைபடத்தில் அதற்கு இடமே இருக்கவில்லை. அதை அப்படியே விட்டால் வாசகர் தவறாக விளங்கிக்கொள்வார்.

"கழற்றிவிடும் தம்பி" என்றேன். கழற்றினார். வரைபடத்துடன் சுற்றும் நின்றது. பக்கத்தின் ஏனைய பகுதிகளுக்கு ஒரு சேதமுமில்லை. இறுதி முடிவு வரும்வரை வாசகர்கள் பார்த்திருந்தது, இரட்டை வேலை என்று எண்ணிய அந்த அட்டவணையைத்தான்.