பெட்டியில் உறங்கும் ஆபத்து

நம் வடசென்னைக்குப் போரின் நெருப்பு புதிதன்று. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சுட்டதில், துறைமுகத்தருகே பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றியெரிந்தன. அக்கப்பலின் பெயர் இன்றும் நம் பேச்சில் வழங்குகிறது. வெடித்த குண்டை ஊர் மறப்பதில்லை. வெடிக்காத தோட்டாவை வீட்டார் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றேன். அவ்வீட்டு அம்மையார், காலஞ்சென்ற தம் மாமனாரின் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். உரிமம் பெற்று வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தவர் அப்பெரியவர். துப்பாக்கி எப்போதோ கைமாறிவிட்டது. களிம்பேறிய தோட்டாக்கள் சில மட்டும் துணிப்பையில் கிடந்தன.

"சாமி, மகன் இப்போதுதான் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான். இது போலீசுக்குப் போனால் அவன் பெயர் கெட்டுவிடாதா? பேசாமல் காயலான் கடையில் போட்டுவிடட்டுமா?" என்றார்.

தாயின் அச்சம் நியாயமானதே. ஆயினும் அவர் நினைத்த வழி ஆபத்தானது. தோட்டாவின் அடிப்பாகத்திலுள்ள சிறு மூடியில் அடிபட்டால் பொறி எழுந்து உள்ளிருக்கும் மருந்து பற்றிக்கொள்ளும். பழையதாயிற்று, நீரில் ஊறிற்று என்பதால் அது செத்துவிட்டதென்று நம்ப இயலாது. பித்தளைக்காக அதனைச் சுத்தியலால் தட்டுபவன் ஓர் ஏழைக் கூலியாள். குப்பையில் எறிந்தால் பொறுக்குவோர் கையிலும், கடலில் எறிந்தால் மீனவர் வலையிலும் அது சேரக்கூடும்.

புதைப்பதும் தீர்வாகாது. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம், இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் அந்தோணியார்புரத்தில், மீனவர் வீடொன்றில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வெளிப்பட்டன. யாரோ என்றோ புதைத்தவற்றின்மீது ஒரு குடும்பம் ஒன்றுமறியாமல் வாழ்ந்திருந்தது.

உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதைக் குற்றமாக்கும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே வழியும் காட்டுகிறது. வைத்திருக்கும் உரிமை முடிந்துவிட்டால், தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது அதன் 21ஆம் பிரிவு. இதனை அந்த அம்மையாருக்கு எடுத்துரைத்தேன். பங்கைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் காவல் நிலையத்திற்கு முன்னரே தெரிவித்தார். பழைய உரிமமும் இறப்புச் சான்றிதழும் காட்டப்பட்டன. எழுத்து மூலம் ஒப்படைத்து இரசீதும் பெற்றார்கள். மகனுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் அத்தகையது ஏதேனும் கண்டால், பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். தட்டாதீர்கள், பிரிக்காதீர்கள், நெருப்பருகே கொண்டுசெல்லாதீர்கள். கையெறி குண்டு, பீரங்கிக் குண்டு போன்றதாயின் தொடவே வேண்டா. விலகி நின்று 112க்குத் தெரிவியுங்கள். மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாதவன் வீட்டின்மேல் இரத்தப்பழி வரும் என்றது மோசேயின் சட்டம். நம் வீட்டு ஆபத்தை அயலான் கைக்குத் தள்ளிவிடாதிருப்பதும் அந்தக் கட்டளையைச் சேர்ந்ததே.