பழைய கேஸ் கட்டு தேடிய கதை

சொந்த ஊர் வரலாறு எழுதணும்னு ஆசைப்படுறவங்க வழக்கமா எங்க போய்த் தேடுவாங்க? கோயில் கல்வெட்டு, தலபுராணம், ஊர்ப் பெருசுங்க வாய்மொழி, மிஞ்சிப்போனா மாவட்ட கெசட்டியர். நானும் அங்கதான் ஆரம்பிச்சேன். கல்வெட்டுல ராஜா நிலம் கொடுத்த கதை இருக்கு. கெசட்டியர்ல மழையளவு இருக்கு. ஆனா எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊர்க் கண்மாய்ல எந்த மடையை யார் திறந்தாங்க, தண்ணி முறையை எப்படிப் பிரிச்சுக்கிட்டாங்கங்கிற சில்லறை விஷயமெல்லாம் அங்க கிடையாது. அதெல்லாம் சண்டை நடந்த இடத்துலதான் கிடைக்கும். அதாவது போலீஸ், கோர்ட்டு காகிதத்துல.

ரெண்டு வருஷமா லீவு கிடைக்கிறப்பல்லாம் எனக்கு இதே வேலை. வீட்டுல ஒரு மாதிரியாத்தான் பாக்குறாங்க. போகட்டும்.

சுலபமான வழி முதல்ல. 2008-ல ஆரம்பிச்ச இந்தியன் கானூன் தளத்துல பழைய மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்புகள் நிறைய இருக்கு, காசு கிடையாது. ஆனா இன்னைக்கு நாம எழுதுற மாதிரி ஊர்ப்பேரை அடிச்சா ஒண்ணும் வராது. மதுரைன்னா 'மதுரா', திருநெல்வேலின்னா 'டின்னவேலி', ராமநாதபுரம்னா 'ராம்நாட்'. ஆள் பேர் இன்னும் மோசம். கோனார் 'கோனான்' ஆயிருப்பார், நாடார் 'நாடன்' ஆயிருப்பார். கடைசியில இருக்குற மரியாதை 'ர்' கோர்ட்டு வாசல்லயே கழண்டு விழுந்துடும். ஸ்கேன் பண்ணி எழுத்தாக்கின சாஃப்ட்வேர் தன் பங்குக்குச் செஞ்ச குளறுபடி வேற. ஒரே பேருக்கு அஞ்சாறு எழுத்துக்கூட்டல் போட்டுத் தேடணும். நான் அதுக்குன்னு சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிருக்கேன். (பொட்டி தட்டுற தொழிலுக்கு இந்த ஒரு பிரயோஜனம்!)

இன்னொரு சின்ன சூட்சுமம். கிரிமினல் கேஸ்ல எதிர்ல யார் பேர் இருக்குன்னு பார்த்தாலே காலம் தெரிஞ்சுடும். 'குயின் எம்பிரஸ்'னா 1901-க்கு முந்தியது, விக்டோரியா காலம். 'எம்பரர்', 'கிங் எம்பரர்'னா அதுக்கப்புறம். 'ஸ்டேட்'னு இருந்தா குடியரசாயாச்சு.

அடுத்து எழும்பூர்ல இருக்குற தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பழைய மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ் அதுதான். கேஸ் கட்டு அங்க கிடைக்கும்னு நினைச்சுப் போகாதீங்க, அங்க இருக்குறது அரசாணைகள். எந்தத் துறை, எந்த வருஷம், என்ன நம்பர்னு சொன்னாத்தான் எடுத்துத் தருவாங்க. அதனால முதல் நாள் முழுக்க அட்டவணைப் புத்தகத்தோடயே போயிடும். 'ஜுடிசியல்' துறை ஆணைகளைப் புரட்டுங்க. கலவரம் நடந்த ஊருக்குக் கூடுதல் போலீசை அனுப்பி அந்தச் செலவை ஊர்க்காரங்க தலையிலயே வரியா கட்டுறது, தூக்குத் தண்டனைக் கருணை மனு, கலெக்டர் ரிப்போர்ட்டுன்னு எல்லாம் வரும். சில ஃபைல்ல கிராம முன்சீப் ஸ்டேஷனுக்கு எழுதின ரிப்போர்ட்டு பத்தி பேச்சு இருக்கும். அந்தக் காலத்துல போலீசுக்கு முதல் தகவல் பெரும்பாலும் முன்சீப் கைப்பட எழுதினதுதான். 1980-ல அந்தப் பதவியையே ஒழிச்சாச்சு. அவங்க வீட்டுப் பரண்ல இருந்த காகிதமெல்லாம் எந்த எடைக்கடைக்குப் போச்சோ.

சரி, நான் தேடின கேஸுக்கு வர்றேன். எங்க பாட்டியோட அண்ணன், அம்மாவுக்கு மாமா முறை, ஒரு மடைச் சண்டையில உள்ள போனவர். பாட்டி கடைசி வரைக்கும் ஒரே வாக்கா சொன்னாங்க: "எங்கண்ணன் அன்னைக்கு அந்தப் பக்கமே போகல. பண்ணைக்காரருக்காக ஒத்துக்கிட்டு ஜெயிலுக்குப் போச்சு." பங்காளி வீட்டுல கேட்டா கதையே வேற. மண்வெட்டிய ஓங்கினதே அவர்தானாம். ரெண்டு வீட்டுக்கும் இன்னைக்கு வரைக்கும் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து கிடையாது. சாட்சி வாக்குமூலம் கிடைச்சா தெரிஞ்சுடும்ல?

கிடைச்சது என்ன தெரியுமா? அதே மடைத் தண்ணிக்காக ரெண்டு பண்ணைக்காரங்க போட்ட சிவில் கேஸ். ஹைகோர்ட் வரைக்கும் போயிருக்கு. யாருக்கு எத்தனை ஏக்கர், எந்த வாய்க்கால் எத்தனை அடி, எத்தனை நாளைக்கொரு முறை, அவங்க தாத்தா பேரு என்ன, அவ்வளவும் இருக்கு. நடுவுல அரை வரி: இது சம்பந்தமா ஒரு கைகலப்பு நடந்து சிலர் தண்டிக்கப்பட்டாங்கன்னு. கூடவே சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டு கேஸ் நம்பர். எங்க தாத்தா அந்த 'சில'ருக்குள்ள இருக்காரு.

நம்பர் கிடைச்ச சந்தோஷத்துல அந்தக் கோர்ட்டு ரெக்கார்டு ரூமுக்கு ஓடினேன். பதிவேட்டுல அந்த நம்பர் இருந்துச்சு, பக்கத்துலயே 'அழிக்கப்பட்டது'ன்னு தேதியோட. இதுல யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல. 1917-லயே ஆவணங்களை அழிக்கன்னே ஒரு சட்டம் போட்டிருக்காங்க. சின்னக் கேஸ் கட்டையெல்லாம் குறிப்பிட்ட வருஷம் வெச்சிருந்துட்டு கழிச்சுடலாம். இல்லாட்டி இடம் பத்தாதுதான்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. யாரு காசு செலவு பண்ணி மேல மேல அப்பீல் போனாங்களோ அவங்க கேஸ்தான் அச்சுல ஏறி மிஞ்சியிருக்கு. கமுதி கோயில் வழக்கையே எடுத்துக்குங்க. 1897-ல நாடார்கள் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள்ள போனாங்கன்னு சேதுபதி தொடுத்த வழக்கு. மதுரையில தோத்து, சென்னையில தோத்து, 1908-ல லண்டன் பிரிவி கவுன்சில்லயும் நாடார் தரப்பு தோத்துச்சு. தீர்ப்புத் தலைப்புலயே 'சங்கரலிங்க நாடன்'தான். படிக்கவே வயிறு எரியும். ஆனா லண்டன் வரைக்கும் போகத் தெம்பு இருந்ததாலதான் யார் எந்தக் கோயில்ல எதுவரைக்கும் போகலாம்னு அந்த வட்டாரத்து நிலவரம் பதிவாகி நமக்குக் கிடைக்குது. அதே காலத்துல வேறெங்கயாவது வாசல்லயே அடிச்சு விரட்டப்பட்டு, கேஸ் போட வக்கில்லாம வீட்டுக்குத் திரும்பினவங்களுக்கு ஒரு வரியும் கிடையாது.

இதுல ஒரு விதிவிலக்கு, தூக்குத் தண்டனை. செஷன்ஸ் கோர்ட்டு தூக்குன்னு தீர்ப்பு சொன்னா ஹைகோர்ட் உறுதி பண்ணியே ஆகணும், கைதிக்கிட்ட கால் காசு இல்லாட்டாலும். அதனால கொலைக் கேஸ்ல மாட்டின ஏழையோட கதை மேல வரைக்கும் போகும். ஆடு திருடினவன் கதை போகாது.

லண்டன் ஓல்டு பெய்லி கோர்ட்டு விசாரணைக் குறிப்புகளை 1674-லேருந்து 1913 வரைக்கும் இணையத்துல போட்டிருக்காங்க, சுமார் 1,97,000 வழக்குகள். கைக்குட்டை திருடின பையன் பேசினதுகூட அதுல இருக்கு. பொறாமையாத்தான் இருக்கு. நம்மூர்ல சாட்சி தமிழ்ல சொல்லுவார், துரை இங்கிலீஷ்ல சுருக்கி எழுதிக்குவார். மிஞ்சின காகிதத்துலயும் அவர் பேச்சு இருக்காது, பேச்சோட சாரம்தான்.

இப்ப நான் படிச்சுக்கிட்டு இருக்கறது 1855-ல வந்த மெட்ராஸ் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை. ஸ்கேன் பண்ணினது இணையத்துலயே கிடைக்குது. வரி வசூலுக்கும், குத்தத்தை ஒத்துக்க வைக்கவும் நம்ம ஆளுங்களைப் படுத்தின பாடு பூரா அதுல இருக்கு. விரலை நசுக்குற கிட்டி, கழுத்துக்கும் கால் பெருவிரலுக்கும் கயிறு கட்டிக் குனிய வைக்கிற அண்ணாந்தாள். பாக்கி என்னவோ சில ரூபா, சில இடத்துல அணாக் கணக்கு. அப்பீலுக்கெல்லாம் வழியே இல்லாத குடியானவங்க. வந்து சொல்லுங்கன்னு கமிஷன் அறிவிச்சதும் ரொம்பத் தூரத்துலேருந்து நடந்தே வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க. அதுக்கப்புறம்தான் 1859 போலீஸ் சட்டமே வந்துச்சு. போலீஸ்கிட்ட கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டுல செல்லாதுன்னு 1872 சாட்சியச் சட்டம் சொல்லுச்சு. புதுச் சட்டத்துலயும் அது அப்படியேதான் இருக்கு.

மாவட்ட வாரியா எங்க பக்கத்து ஊர் ஏதாவது வருதான்னு பார்த்துக்கிட்டு வர்றேன். இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கு.