எல்ம் மரம் காத்தோர்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சாலைகளின் இருமருங்கும் ஓங்கி நின்று நிழல் தந்த மரங்களுள் எல்ம் என்பதும் ஒன்று. முதல் உலகப்போர் முடிந்த காலத்தில், ஐரோப்பாவில் கோடை கழியுமுன்னரே அம்மரங்களின் இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. கிளைகள் நுனியிலிருந்து பட்டன. காரணம் அறியாது மக்கள் திகைத்தனர்.

நெதர்லாந்து நாட்டிலே, வெஸ்டர்டைக் என்னும் பேராசிரியையின் மாணவியாகிய பீ ஷ்வார்ஸ் என்பார், இந்நோய்க்கு ஒருவகைப் பூஞ்சையே காரணம் என 1922-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அறிஞர் பலர் அதனை ஏற்றிலர். ஐந்தாண்டு கழித்து, அவ்வாய்வுக்கூடத்தைச் சார்ந்த கிறிஸ்டின் பாய்ஸ்மன் அதனை ஐயமற நிறுவினார். ‘டச்சு எல்ம் நோய்’ என்னும் பெயர், அந்நாட்டார் நோயைத் தோற்றுவித்தமையால் வந்ததன்று. அதனை ஆராய்ந்தமையால் வந்ததாகும்.

நோய் பரவும் முறை வியப்புக்குரியது. பட்டுப்போன எல்ம் மரத்தின் பட்டைக்கடியில் சிறுவண்டுகள் முட்டையிடும். அங்கே வளர்ந்து வெளிப்படும் வண்டுகள், பூஞ்சை வித்துக்களைத் தம் உடலிற் சுமந்து சென்று, நல்ல மரத்தின் இளங்கொம்புகளைக் கடித்துத் தின்னும். அப்புண் வழியே புகும் பூஞ்சை, நீர் ஏறும் குழாய்களிற் பரவும். அதனைத் தடுக்க வேண்டி, மரம் தன் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்ளும். தற்காப்பே கேடாக முடிய, மரம் நீரின்றி வாடி மாயும்.

நோயைத் தாங்கவல்ல மரம் ஒன்றேனும் இராதா எனப் பாய்ஸ்மன் தேடினார். கன்றுகள் பலவற்றுள் பூஞ்சையைச் செலுத்தி, பிழைத்தவற்றைத் தேர்ந்தார். 1936-இல் அவர் இளமையிலேயே மறைந்தார். அவ்வாறு கிடைத்த முதல் மரவகைக்கு அவர் பெயரே இடப்பெற்றது. அதுவும் வேறொரு நோய்க்கு எளிதில் ஆட்பட்டமையால் பெரிதும் பரவவில்லை. எனினும் முயற்சி நின்றுவிடவில்லை.

1960-களின் இறுதியில், முன்னையினும் கொடிய பூஞ்சை வெட்டுமரங்களோடு பிரிட்டனுக்குள் புகுந்தது. இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எல்ம் மரங்கள் அங்கு மாண்டன. ஆயினும் பிரைட்டன் நகரத்தார், நோயுற்ற மரத்தை உடனுக்குடன் வெட்டியகற்றி, ஆயிரக்கணக்கான மரங்களைக் காத்தனர். அமெரிக்காவில், அம்மண்ணுக்கே உரிய எல்ம் இனத்தினின்று தேர்ந்தெடுத்த ‘வேலி ஃபோர்ஜ்’ என்னும் வகை 1990-களில் வெளியிடப்பெற்றது. அது நோய் தீண்டாத மரமன்று. நோயுற்றும் பெரும்பாலும் பிழைக்கவல்ல மரம்.

பாய்ஸ்மன் தாம் தேர்ந்த மரம் ஓங்கி வளர்வதைக் காணவில்லை. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர்ந்தமையாலேயே எல்ம் மரம் மீண்டும் தழைக்கத் தொடங்கியுள்ளது. தாம் அமராத நிழலுக்காக உழைப்பதே சான்றோர் செயலாகும்.