வரைபடத்துக்கு முன்னால் ஒரு சூளை

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பொம்மைகளைவிட அச்சுகள்தான் அதிக இடத்தைப் பிடித்திருக்கின்றன. பாரிஸ் சாந்தில் வார்த்த வெள்ளை அச்சுகளை இரண்டு பாதிகளாகச் சேர்த்து, ரப்பர் பட்டையால் இறுக்கி, வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பாயசப் பதத்தில் இருக்கும் களிமண் குழம்பை அவற்றின் வாய்வரை ஊற்ற வேண்டும். அச்சு நீரைக் குடிக்கக் குடிக்க, உட்சுவரில் களிமண் தோலாகப் படியும். தோல் போதிய தடிமன் ஏறியதும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்து வடித்துவிட வேண்டும். வேலை இவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் எந்த நிமிடத்தில் கவிழ்ப்பது என்பதைக் கடிகாரத்தால் சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் காய்ந்த அச்சு விறுவிறுவென்று குடிக்கும். ஐப்பசி மழையில் அதே அச்சு ஊறிப்போய்ச் சோம்பிக் கிடக்கும். கார்த்திகை அகல் விளக்குக்கான அவசரமும் அந்த மழையோடுதான் வந்து சேர்கிறது. விளிம்பில் தோலின் தடிமனைப் பார்த்து முடிவெடுக்கும் அந்தக் கண்ணைத்தான் நான் இங்கே கைத்திறன் என்கிறேன்.

கலைக்கூடங்களின் உட்புறத்தை இயற்கைப் பொருட்களாலும் மரபுக் கைவேலையாலும் அமைக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை உண்டு. அங்கே பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து, ஏற்றி வந்து மறுபடி நிறுத்தினார்கள். தச்சரின் அனுபவம் இல்லாமல் அது நடந்திருக்காது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் சாயலில் எழுந்திருக்கிறது. ஆனால் பொதுவாக நடப்பது வேறு. கட்டடக் கலைஞர் கணினியில் சுவரை முடித்துவிடுகிறார். அதற்கு ஒரு மண் நிறம் தேவைப்படுகிறது, அந்த நிறத்தைத் தரக்கூடிய கையைத் தேடிப் பிறகு ஆள் அனுப்புகிறார்கள். இயற்கைப் பொருள் அங்கே ஒரு வண்ணப்பூச்சு, கைவினைஞர் அதைப் பூசுகிறவர். விருத்தாசலத்தின் களிமண் இந்த வரிசைக்கு உடன்படாது. சூளை முதலில், வரைபடம் பிறகு என்று அது கேட்கிறது. அந்தக் கோரிக்கையை ஏற்காத கூடம், எவ்வளவு மண்ணைப் பூசிக்கொண்டாலும், கைவினையால் அமைந்த கூடம் ஆகாது என்பதே என் வாதம்.

காரணம் எளிய கணக்கு. பீங்கான் கலவை காய்ந்து சுட்டு வெளிவரும்போது நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சுருங்கும். பன்னிரண்டு பங்கு சுருங்கும் கலவையில் 100 மில்லிமீட்டர் ஓடு வேண்டுமென்றால் அச்சு ஏறக்குறைய 114 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அந்தச் சுருக்கமும் எல்லா ஓட்டிலும் ஒரே அளவாக இராது. குழம்பில் நீர் சற்றுக் கூடினால், ஒரு மூலை முன்னதாகக் காய்ந்தால், சூளையில் நெருப்புக்கு அருகே நின்றால் ஓடு கோணிக்கொள்ளும். 500 டிகிரியைத் தாண்டும்போது களிமண் தன் உடலுக்குள் கட்டுண்ட நீரை இழக்கிறது. 573 டிகிரியில் அதிலுள்ள படிகக்கல் சட்டென்று விரிகிறது, ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று ஒடுங்குகிறது. அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் விரிசல்தான் மிஞ்சும். 1200 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுட்ட ஆயிரம் ஓடுகளை அரை மில்லிமீட்டர் இடைவெளியில் பதிக்கும்படி வரைந்தவர் களிமண்ணை அறியாதவர். ஓடு கோணுகிற அளவைச் சோதித்துப் பார்த்து, அதற்கேற்ப இணைப்புக் கோட்டை அகலமாக்கி, அந்தக் கோட்டையே அழகாக்கத் தெரிந்தவர்தான் இந்தப் பொருளில் வடிவமைக்கிறார். புதுச்சேரியில் 1971இல் டெபோரா ஸ்மித்துடன் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய ரே மீக்கர், பிற்காலத்தில் பச்சை மண் செங்கல்லால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி உள்ளிருந்து சுட்டார். நெருப்பின் தீர்ப்பை ஒப்புக்கொள்ளாமல் அந்தத் துணிவு யாருக்கும் வராது.

பீங்கான் இயற்கைப் பொருளா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பாதிப் பதில் உண்டு. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க அகற்றும் மேல்மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் வருகிறது. விருத்தாசலம் பீங்கான் ஊரானதற்கு அந்த மண் ஒரு பெரிய காரணம். அந்த நிலக்கரியை எடுக்க 1956இல் தொடங்கிய சுரங்க நிறுவனத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களின் மனக்குறை இன்னும் ஆறவில்லை. ஆகவே இந்த மண்ணைக் குற்றமற்ற பொருளாகக் காட்டி விற்பது நேர்மையல்ல. சூளை எரிபொருளைத் தின்கிறது என்பதும் மெய். அதனால்தான் எல்லாவற்றையும் பீங்கானில் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. படம் மாட்டும் சுவருக்குச் சுடாத மண்பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ போதும். காற்றின் ஈரத்தை வாங்கித் திரும்பக் கொடுக்கும் குணம் அவற்றுக்கு உண்டு, கண்ணாடியாகக் கெட்டிப்பட்ட பீங்கானுக்கு அது கிடையாது. ஆயிரக்கணக்கான கால்கள் தேய்க்கும் தரை, கை படும் படிக்கட்டுச் சுவர், வெளிச்சத்தைச் சல்லடையாக்கும் ஜாலி, சிலை நிற்கும் பீடம் ஆகியவற்றுக்கு மட்டும் நெருப்பைச் செலவழித்தால் நியாயம் உண்டு.

மரபா இது என்பது அடுத்த கேள்வி. ஊரின் பழமலைநாதர் கோயிலுக்கு இருக்கும் வயது பீங்கானுக்கு இல்லை. இங்கே பீங்கான் வளர்ந்தது அரசுப் பயிற்சி, தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு ஆகியவற்றின் வழியே. ஊறுகாய் ஜாடியும், வீட்டு மின்பெட்டியில் செருகும் ஃபியூஸ் கேரியரும், பொம்மையும் இதன் பிள்ளைகள். குலத்தொழில் என்ற முத்திரை இல்லாததால் இதைக் கைவினை என்று ஒப்புக்கொள்ளச் சிலர் தயங்குகிறார்கள். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. ஒரு வகையில் இது நல்லதும்கூட: பிறப்பைக் கேட்காமல் பள்ளியிலும் பட்டறையிலும் கற்றுக்கொண்ட திறனை மரபாக எண்ண நாம் பழக வேண்டும். ஃபியூஸ் கேரியரை எளிதாக நினைக்கவும் கூடாது. செம்புத் தகடு சரியாக உட்காரும் பள்ளத்தைச் சுருக்கக் கணக்கோடு வார்த்த கை, கலைக்கூடத்து ஜாலியை வார்க்காதா? தானாக விழும் சுவிட்சுகள் வந்தபின் அந்தப் பொருளுக்குச் சந்தை சுருங்கிவிட்டது. சண்டிகரில் நேக் சந்த் உருவாக்கி 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட பாறைத் தோட்டத்தில், உடைந்த பீங்கான் மின்சாதனங்களே சுவராகி நிற்கின்றன. கழிவென்று கொட்டியதற்கு அங்கே கிடைத்த மதிப்பு, முழுசாக வார்க்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே கிடைக்கவில்லை.

ஓவியர்களிடமிருந்து வரும் மறுப்புதான் இவற்றில் வலுவானது. கூடம் தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது, படம் பேச வேண்டும், சுவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறார்கள். வெள்ளைச் சுவர் என்ற இருபதாம் நூற்றாண்டுப் பழக்கம் அப்படித்தான் நிலைபெற்றது. பளபளக்கும் மெருகு ஓடு விளக்கைத் திருப்பி அடிக்கும் என்பதும் சரியே. காகிதத்தில் வரைந்த ஓவியத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சமும் எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸும் போதும் என்று காப்பாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவ்வளவு மங்கலான அறையில் ஒரு மின்னல் கீற்று போதும், கண் படத்தை விட்டுவிடும். இதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இது மெருகுக்கு எதிரான வாதமே தவிர, மண்ணுக்கு எதிரானதல்ல. மெருகிடாமல் சுட்ட ஓடு ஒளியைச் சிதறவிட்டு மட்டுப்படுத்தும். வெள்ளைச் சுவர் வாய் மூடிக்கொண்டிருப்பதாக நினைப்பதும் பாதி மயக்கம். மொட்டைச் சுவரும் மொட்டைத் தரையும் கூடிய அறையில் நாலு பேர் பேசினால் நாற்பது பேர் பேசுவதுபோல எதிரொலிக்கிறது. துளையிட்ட பீங்கான் கட்டைகளுக்குப் பின்னே தென்னை நாரை அடைத்தால் அந்த ஓசையின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடலாம். கீழடியில் கண்ணாடிக்குள் இருக்கும் கறுப்பு சிவப்புப் பானையும் சுட்ட மண்தான். அதைப் பார்க்க வந்தவர் நிற்கும் தரையும் சுட்ட மண்ணாக இருந்தால், பானை எதிலிருந்து வந்தது என்பது விளக்கப் பலகை இல்லாமலே காலுக்குப் புரியும்.

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வரும் ஓட்டோடு விருத்தாசலம் விலையில் போட்டியிட முடியாது, போட்டியிடவும் தேவையில்லை. அங்கே கிடைப்பது ஒரே அச்சில் லட்சம் ஓடு. இங்கே கேட்க வேண்டியது அந்தக் கூடத்துக்கு மட்டுமே உரிய நானூறு ஓடு. தடை வேறிடத்தில் இருக்கிறது. அரசுக் கட்டடம் என்றால் பொதுப்பணித்துறையின் விலைப்பட்டியலில் இல்லாத பொருளுக்குத் தனியே விலை ஆய்வு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தத் தொல்லைக்கு அஞ்சிப் பட்டியலில் உள்ளதையே எழுதிவிடுகிறார்கள். நேரே ஒப்பந்தம் எடுக்கச் சிறு பட்டறைக்கு முடிவதில்லை. இடையில் ஓர் ஒப்பந்ததாரர் வருகிறார், ஓட்டின் விலை அவரிடம் தங்கிவிடுகிறது.

பட்டறைகளில் பிசிறு சீவுவதும், ஈரப் பஞ்சால் துடைப்பதும், வண்ணம் தீட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. காய்ந்த பச்சைப் பொம்மையை உலர்வாகத் தேய்த்தால் படிகக்கல் தூசி நுரையீரலுக்குள் போகும். பல ஆண்டு சேர்ந்தால் அது சிலிக்கோசிஸ் நோயாகும், மருந்தால் திரும்பாது. ஈரத்தில் துடைக்க நேரம் அதிகமாகும், எண்ணிக்கைக்குக் கூலி என்றால் அந்த நேரம் அவர்கள் கணக்கிலிருந்துதான் போகும். கூலியைப் பற்றி இந்த ஊர்க் கோயிலுக்கு ஒரு தலவரலாறு உண்டு. திருப்பணி செய்தவர்களுக்கு விபசித்து முனிவர் வன்னி மரத்து இலைகளைக் கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் உழைத்த அளவுக்கு அந்த இலை பொன்னாக மாறியதாம். கலைக்கூடம் கட்டுகிறவர்களிடம் முனிவரின் இலை இல்லை, ஒப்பந்தப் பத்திரம் இருக்கிறது. அதன் முதல் வரியில் ஓட்டின் விலையை எழுதாதீர்கள். மூன்று சோதனைச் சூளைகளுக்கான செலவை எழுதுங்கள். அவற்றில் உடையப்போகும் ஓடுகளுக்கும், அவற்றை ஈரத்தில் துடைத்த நேரத்துக்கும் சேர்த்து எழுதுங்கள். அந்த மூன்றாவது சூளை ஆறித் திறந்த பிறகு வரைபடத்துக்கு உட்காருங்கள்.