பொது அளவு

புளியங்குளம் நிலையத்தில் புகையிரதத்துக்குக் காத்திருக்கும்போதெல்லாம் நாம் தண்டவாளத்தையே நோக்குவோம். அதன் அகலம் 5 அடி 6 அங்குலம். எந்நாட்டிற் செய்த பெட்டியாயினும் அந்த அகலத்துக்கு அமைந்தாலன்றி இங்கு ஓடாது.

முல்லைத்தீவுக் கரையை 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அழித்தபின், இலங்கைத் தொண்டர்கள் ஆக்கிய ‘சஹானா’ என்னும் திறந்த மூல மென்பொருளும் இத்தகையதே. காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவிக் கோரிக்கை எனப் பல கூறுகள் அதிலுண்டு. எவரும் புதிய கூறொன்றை எழுதிப் பொருத்தலாம். பெயர் பதியும் முறை மட்டும் பொதுவாக இருத்தல் வேண்டும். ஒரு கூறு தந்தை பெயரை முன்னும் மற்றொன்று பின்னும் எழுதினால், மகன் முகாமிலிருந்தும் தேடிவந்த தாய் அவனைக் காணாள்.

மாணவர்காள், புதியன எழுதுவீர். எழுதுமுன் பொது அளவைக் கற்றுக்கொள்வீர்.